ஆக்ஸ்போர்டில் ஒரு மார்கழி நாள்

கொடுக்கிற தெய்வம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும் என்பார்கள். இங்கிலாந்தில், ஆக்ஸ்போர்டை ஒட்டிய ஹெடிங்டனில், ஒரு வீட்டுக்கு அது சுறாமீனைக் கொடுத்திருக்கிறது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நியூ ஹை ஸ்ட்ரீட் என்று ஒரு சாதுவான தெரு. சன்னல் திரைகூட அசையாத வரிசை வீடுகள். அதில் ஒரு வீட்டின் கூரையை முட்டிப் பொத்துக்கொண்டு 25 அடி நீளச் சுறா ஒன்று தலைகீழாக நிற்கிறது. தலை வீட்டுக்குள்ளே, வால் வானத்திலே. பக்கத்து வீட்டு அம்மாள் ஒருவர் குப்பைத் தொட்டியை வெளியே உருட்டி வைத்துவிட்டு, அண்ணாந்தும் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். நான்தான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன்.

"மாமா, வாயை மூடுங்க. குளிரு உள்ள போயிரும்" என்றாள் தங்கச்சி மகள். அவள் இங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸ். இரவுப் பணி முடித்து வந்த களைப்போடு எனக்கு ஊர் காட்டுகிறாள்.

சுறா வந்து இறங்கிய நாள் 1986 ஆகஸ்ட் 9. நாகசாகியில் அணுகுண்டு விழுந்த அதே தேதி. வீட்டுக்காரர் பில் ஹைன், சிற்பி ஜான் பக்லி. வானத்திலிருந்து எது வேண்டுமானாலும் நம் கூரைமேல் விழலாம், நாம் பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர வேறு வழியில்லை என்ற கோபம் சுறாவாக உருவெடுத்ததாம். அனுமதி வாங்காமல் வைத்ததால் எடுக்கச் சொல்லி நகர நிர்வாகம் மல்லுக்கு நின்றது. விவகாரம் மேலிடம் வரைக்கும் போய், 1992-ல் 'இருந்துவிட்டுப் போகட்டும்' என்று முடிவானது. எங்கள் பக்கத்தில் வாசல்படி ஒரு சாண் தெருவில் நீண்டாலே பஞ்சாயத்துக் கூடிவிடும். இங்கே சுறாவுக்குப் பட்டா!

நான் மாயக்கதை எழுதுகிறவன். பறக்கும் மலை, பேசும் கிணறு, நிழலை அடகு வைக்கும் ராஜகுமாரன், இதெல்லாம் என் சரக்கு. 'கூரையில் சுறா' என்று நான் எழுதிக் கொடுத்திருந்தால், நம்பும்படி இல்லை என்று எந்தப் பத்திரிகை ஆசிரியரும் திருப்பி அனுப்பியிருப்பார். பிறந்தது மம்சாபுரம். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, மேற்கே மலை மறித்து நிற்க, தென்னையும் மாவும் சூழ்ந்த ஊர். அங்கிருந்து ஆக்ஸ்போர்டுக்கு வந்த காரணம் ஒன்றுதான். ஆலிஸின் அற்புத உலகம், நார்னியா, ஹாபிட்டுகள், பிலிப் புல்மேனின் பேசும் கரடிகள், எல்லாம் ஒரே ஊரில் வாழ்ந்தவர்கள் எழுதியவை. அப்படி அந்த ஊர்த் தண்ணியில் என்னதான் இருக்கிறது?

உண்மையைச் சொன்னால், எனக்கு மாயத்தின் ருசியைக் காட்டியதே இங்கிலாந்துதான். அதுவும் எங்கள் பக்கத்துச் சிவகாசி வழியாக. 1972-ல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழிலேயே வந்து இறங்கியவன் இரும்புக்கை மாயாவி. உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் போதும், ஆள் மறைந்து இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். பிரிட்டிஷ் சித்திரக்கதையில் பிறந்தவன், பட்டாசும் காலண்டரும் செய்கிற ஊரில் அச்சேறி, தமிழ் பேசிக்கொண்டு எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்தான். கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்த பழைய இதழ்களைத்தான் நான் படித்தேன். கரண்டு கம்பியைப் பார்த்தாலே ஆசையாக இருக்கும் வயசு. வீட்டில் விழுந்த அடிதான் என்னை இந்த உலகத்தில் தங்கவைத்தது.

இனி குளிரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊர் மார்கழியில் மப்ளர் கட்டாத பெரியவரைப் பார்க்க முடியாது. "என்னா பனி, என்னா பனி" என்று டீக்கடையில் ஊதி ஊதிக் குடிப்பார்கள். அந்தப் பெரியவர்களை ஒரு வேன் பிடித்து இங்கே கூட்டிவர ஆசை. மூன்று டிகிரி. மூக்கு என்று ஓர் உறுப்பு இருப்பதே மறந்துபோகிறது. மூச்சு விட்டால் முகத்துக்கு முன்னால் புகை. முதல் நாள் அதை விட்டு விட்டுப் பார்த்து விளையாடினேன் என்பதை எழுதக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. காலை எட்டு மணிக்கு மேல்தான் சூரியன் எழுந்திருக்கிறது. அதுவும் அரைமனசோடு. மாலை நான்குக்கெல்லாம் போய்விடுகிறது. அரசாங்க உத்தியோகத்தில்கூட இவ்வளவு சலுகை கிடையாது.

குளியலறையில் இன்னொரு அதிசயம். வாஷ்பேசினில் இரண்டு குழாய், இரண்டு மூலையில். ஒன்றில் கொதிக்கிற தண்ணீர், மற்றதில் உறைகிற தண்ணீர். இரண்டும் சந்திக்கவே சந்திக்காது. விளாவிக் குளித்துப் பழகிய சாதி நாம். கையை அங்கும் இங்குமாக வீசி வீசி முகம் கழுவியதைப் பார்த்து மருமகள் விழுந்து விழுந்து சிரித்தாள். விடிகாலைக் குளத்தில் முங்கிய ஆயர்பாடிப் பெண்களை நினைத்துக்கொண்டேன். ஊரில் அந்நேரம் ஆண்டாள் கோயிலில் திருப்பாவை முடிந்து பொங்கல் விநியோகமும் முடிந்து, வெயில் ஏறியிருக்கும்.

பலகாரமும் வந்திருக்கிறது ஊரிலிருந்து. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கொண்டுவரத்தான் ஆசை. பால் பண்டம் எடுத்துவரக் கூடாது என்பது இந்த நாட்டுச் சட்டம். ஆகவே சாத்தூர் காராச்சேவு. மருமகள் அந்தப் பொட்டலத்தைப் பிரித்த வேகத்தைப் பார்த்தபோது, சட்டம் தெரிந்தவர்கள் சேவின் மகிமை தெரியாதவர்கள் என்று பட்டது.

நகரத்துக்குள் போகப் பேருந்து ஏறினோம். ஏறுகிறவர்கள் வரிசையாக ஏறுகிறார்கள். சரி, கேள்விப்பட்டதுதான். இறங்கும்போதுதான் ஆச்சரியம். ஒவ்வொருவரும் ஓட்டுநரைப் பார்த்து நன்றி சொல்லிவிட்டு இறங்குகிறார்கள். பள்ளிப் பையன் சொல்கிறான், கிழவர் சொல்கிறார், காதில் பாட்டு மாட்டிய பெண் அதைக் கழற்றிவிட்டுச் சொல்கிறாள். எங்கள் மினிபஸ்ஸில் "உள்ள போ, உள்ள போ" என்ற ஒரு மந்திரத்தைத் தவிர வேறு உரையாடல் கிடையாது. நானும் இறங்கும்போது நன்றி சொன்னேன். ஓட்டுநர் தலையாட்டினார். ஏதோ பட்டமளிப்பு முடிந்த பெருமிதம்.

அதே பேருந்தில் ஒரு நாய். ஒல்லியான வேட்டைநாய், நீலக் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, எசமானியம்மா காலடியில் சப்பணம் கொட்டாத குறையாக உட்கார்ந்திருந்தது. எங்கள் ராஜபாளையம் நாயை நினைத்தேன். வெள்ளை வெளேர் உடம்பு, ரோஜா மூக்கு, அந்நியர் நிழல் பட்டாலே உறுமும் ரோஷம். 2005-ல் அஞ்சல்தலையில் ஏறியது. ஆனால் டவுன் பஸ்ஸில் ஏற அதற்கு இன்னும் உரிமை கிடைக்கவில்லை.

ஹை ஸ்ட்ரீட்டில் இறங்கி, செயின்ட் மேரி தேவாலயத்துக்குப் பக்கவாட்டில் ஒரு சந்துக்குள் நுழைந்தோம். ஆள் இருவர் சேர்ந்து நடக்கலாம், அவ்வளவுதான் அகலம். அங்கே ஒரு மரக்கதவு. கதவின் நடுவில் சிங்கமா மனிதனா என்று தெரியாத முகம் செதுக்கியிருக்கிறது. மேலே வாசலைத் தாங்கி, ஆட்டுக்கால் கொண்ட இரண்டு பொன்னிற உருவங்கள். சில எட்டு தள்ளி ஒரு விளக்குக் கம்பம். நார்னியா படித்தவர்களுக்கு இப்போதே மயிர்க்கூச்செறிந்திருக்கும். சி.எஸ். லூயிஸ் இந்தக் கதவைப் பார்த்துத்தான் அந்தக் கதையை எழுதினார் என்று வழிகாட்டிகள் கூட்டங் கூட்டமாக ஆட்களை நிறுத்திச் சொல்கிறார்கள்.

லூயிஸ் சொன்னது வேறு. பனி மூடிய காட்டில், குடையும் பொட்டலங்களுமாக நடந்து போகும் ஆட்டுக்கால் மனிதன் ஒருவனின் சித்திரம் சுமார் 16 வயதிலிருந்தே அவர் மனத்தில் இருந்ததாம். நார்னியாவின் முதல் புத்தகம் வந்தது 1950-ல். அவருக்கு அப்போது வயது 51. ஒரு சித்திரத்தை முப்பத்தைந்து வருஷம் வைத்திருந்திருக்கிறார்! ஹாபிட்டுகளைப் படைத்த டோல்கீனும் அப்படித்தான். 1911-ல், பத்தொன்பது வயதில், சுவிட்சர்லாந்து மலைகளில் கோடைக்காலத்தில் நடந்து திரிந்தார். அந்த நடை 'ஹாபிட்' கதையின் மலைப் பயணமாக அச்சில் வந்தபோது 1937.

நானோ, போன மாதம் ஓர் ஊருக்குப் போய்வந்தால் இந்த மாதமே அதை ஒரு அத்தியாயத்தில் திணித்துவிடுகிறவன். பயணம் ஊறுகாய் மாதிரி. போட்ட அன்றைக்கே ஜாடியைத் திறந்தால் அதில் இருப்பது வெறும் மாங்காய். ராஜபாளையம் வீடுகளில் ஆவக்காய் ஜாடிக்குத் துணிகட்டி வைக்கும் பாட்டிகளுக்குத் தெரிந்த பொறுமை எனக்கு இல்லாமல் போயிற்றே என்று அந்தச் சந்தில் நின்று யோசித்தேன். நான்கு பேர் கதவோடு படம் எடுக்கக் காத்திருந்தார்கள். நகர்ந்தேன். இடித்தது நான். மன்னிப்புக் கேட்டது அவர்கள்.

பக்கத்திலேயே கவர்ட் மார்க்கெட். 1774-ல் திறந்த சந்தை. உள்ளே நுழைந்ததும் அப்பாடா என்று ஒரு கதகதப்பு, பிறகு மணங்களின் தாக்குதல். இந்தப் பக்கம் வெண்ணெய் உருகும் பிஸ்கட் வாசனை, அந்தப் பக்கம் காபிக் கொட்டை, நடுவில் பாலாடைக்கட்டிக் கடை. அந்த நாற்றத்தை என்னவென்று சொல்ல! ஒரு மாசம் துவைக்காத காலுறைக்கு இவ்வளவு விலையா என்று கேட்டேன். "மெதுவாப் பேசுங்க மாமா, தமிழ் தெரிஞ்சவங்க இருப்பாங்க" என்றாள். கிறிஸ்துமஸ் நெருங்குவதால் கறிக்கடை வாசலில் முழு மான் தொங்குகிறது. எங்கள் ஊர் மலையில் மானைத் தொட்டால் வனத்துறை வந்து நிற்கும். செண்பகத்தோப்புக் காட்டில் வாழும் சாம்பல் நிற அணிலுக்கே 1988-ல் ஒரு சரணாலயம் அறிவித்தவர்கள் நாம். 2021-லிருந்து அது மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகம். இங்கே மானுக்குக் கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கிறார்கள். பார்த்துக்கொண்டே நடந்தால் சாப்பிட முடியாது என்று ஒரு மூலையில் உட்கார்ந்து சூடான 'பை' (pie) ஒன்று வாங்கினோம். உப்பு இருக்கிறது, உறைப்பு இல்லை. தோள்பையிலிருந்து காராச்சேவை எடுத்து மேலே தூவினேன். இரு நாட்டு உறவு மேம்பட்டது.

மதியத்துக்குமேல் செயின்ட் ஜைல்ஸ் தெரு. 'ஈகிள் அண்ட் சைல்ட்' என்ற மதுக்கடையைப் பார்க்கத்தான் போனோம். செவ்வாய்க்கிழமை மதியங்களில் டோல்கீன், லூயிஸ், அவர்களுடைய கூட்டாளிகள் இங்கே கூடுவார்கள். இன்க்ளிங்ஸ் என்று பெயர். வியாழக்கிழமை இரவுகளில் மாட்லின் கல்லூரியில் லூயிஸின் அறையில் கூடி, எழுதிக்கொண்டிருப்பதை ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுவார்கள். டோல்கீனின் மோதிரக் கதையான 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' அச்சாவதற்கு வெகுகாலம் முன்பே அந்தக் காதுகளில் விழுந்துவிட்டது. கடையை 2020-லேயே மூடிவிட்டார்கள். பூட்டிய கதவைப் பார்ப்பதற்கு ஏழு கடல் தாண்டி வந்த பக்தர்கள் என்னோடு இன்னும் மூன்று பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் ஜப்பான்காரர். அவரும் நானும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட, இரண்டு புகையும் கலந்தன.

பூட்டிய கதவுக்கு முன்னால் எனக்கு இடைசெவல் நினைவுக்கு வந்தது. கோவில்பட்டிப் பக்கத்துச் சின்னக் கரிசல் கிராமம். கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி, இருவருக்கும் அதே ஊர், இருவரும் 1923-ல் பிறந்தவர்கள், இருவருக்கும் சாகித்ய அகாதெமி விருது. ஒரு கிராமத்திலிருந்து இரண்டு பேர்! கி.ரா. தன் கரிசல் மண்ணை வைத்தே 'கோபல்ல கிராமம்' என்று ஓர் ஊரைக் கட்டி எழுப்பினார். அவர்கள் உட்கார்ந்து பேசிய இடத்துக்கு, இங்கே எழுத்தாளர் வீடுகளில் மாட்டுகிற மாதிரி நீலப் பலகையோ வழிகாட்டியோ தேவைப்படவில்லை. எழுத்தாளனுக்கு ஊர் பெரிசாக இருக்க வேண்டியதில்லை. இன்னொரு கிறுக்கன் அதே ஊரில் இருந்தால் போதும்.

அங்கிருந்து வடக்கே நடந்து நார்த்மூர் ரோடு. இலை உதிர்ந்த மரங்கள், ஈரத் தரை, எங்கோ விறகுப் புகை. ஒரு கடையில்லை, ஒரு ஹார்ன் சத்தமில்லை. 20-ஆம் எண் வீட்டில் டோல்கீனின் பெயர் எழுதிய வட்டப் பலகை. 1930 முதல் 1947 வரைக்கும் இங்கேதான் இருந்தார். 'ஹாபிட்' இங்கே, மோதிரக் கதையின் பெரும்பகுதியும் இங்கே. நான் எதை எதிர்பார்த்தேன் என்று தெரியவில்லை. எரிமலை இல்லாவிட்டாலும் ஒரு கோபுரமாவது? இருப்பது ஒரு வாத்தியார் வீடு. நான்கு பிள்ளைகள். சம்பளம் போதாமல் கோடை விடுமுறையில் பள்ளித் தேர்வுத்தாள்களைத் திருத்துவார். அப்படித் திருத்தும்போது ஒரு மாணவன் வெறுமையாக விட்டிருந்த பக்கத்தில் இவர் கிறுக்கிய ஒற்றை வரியிலிருந்து கிளம்பியதுதான் ஹாபிட். உலகத்துக்கு மிக நீண்ட நடைப்பயணங்களை எழுதிக் கொடுத்த மனுஷர், எழுதிய காலத்தில் ஒரு மேசையை விட்டு நகரவில்லை. ஹாபிட்டுகள் வாழும் பசும் நாடுகூட, பர்மிங்காமுக்கு அருகே அவர் சிறுவயதில் வளர்ந்த சேர்ஹோல் என்ற கிராமத்தின் சாயல்தான்.

எங்கள் ஊர்க்காரனுக்கு இது புதிசா? வில்லிபுத்தூரில் துளசித் தோட்டத்தில் கிடைத்த பெண் ஆண்டாள், யமுனையைப் பார்த்தவள் அல்ல. மதுரா போனவளும் அல்ல. வில்லிபுத்தூரையே ஆயர்பாடி ஆக்கினாள். தோழிகளை ஆயர்குலப் பெண்கள் ஆக்கினாள். வடபெருங்கோயிலே நந்தகோபன் மாளிகை. பெரியவர்கள் அப்படித்தான் சொல்லித் தருவார்கள். முப்பது பாட்டில் ஓர் ஊருக்குள் இன்னோர் ஊர் எழுந்து நிற்கிறது. வளர்த்த தகப்பன் பெரியாழ்வாரோ, ஒரு கிழவர், யசோதையாக மாறிக் குழந்தைக்குப் பாடுகிறார். அப்பாவும் மகளும் வீட்டை விட்டு நகராமல் போட்ட பயணம் அது. ஆண்டாளை மாயக்கதைக்காரர்களின் பட்டியலில் சேர்த்தால் எங்கள் பாட்டி என் நாக்கில் சூடு வைப்பாள். சேர்க்கவில்லை. வித்தையைக் கற்றுக்கொண்ட இடத்தைத்தான் சொல்கிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரின் 192 அடிக் கோபுரத்தைப் பார்க்க வருகிறவர்கள், ஆண்டாளின் இடது கையில் இருக்கும் கிளியைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். அது உலோகமில்லை, மரமில்லை. ஒவ்வொரு நாளும் புதிதாகக் கட்டுகிறார்கள். மரவள்ளி இலையை மடித்து உடம்பு, நந்தியாவட்டை இலையில் இறக்கை, மாதுளம்பூவில் அலகு, காக்காப்பொன்னில் கண், கட்டுவதற்கு வாழைநார். மறுநாள் அது யாரோ ஒரு பக்தருக்குப் போய்விடும். திரும்பவும் இலை, திரும்பவும் நார், திரும்பவும் கிளி. சிறுவனாக அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, அது இலை என்று கண்ணுக்குத் தெரியும், கிளி என்று மனசுக்குத் தெரியும், இரண்டும் சண்டை போடாது. நான் எழுதும் ஒவ்வொரு பக்கத்திலும் அந்த இடத்தைப் பிடிக்கத்தான் பார்க்கிறேன்.

இன்னொன்றும் நார்த்மூர் ரோட்டில்தான் மனசில் பட்டது. ஆண்டாள் ஊரை விட்டுப் போகவில்லை, அவள் சூடிக் களைந்த மாலை போகிறது. புரட்டாசியில் திருப்பதிக்கு, சித்திரையில் மதுரை அழகருக்கு. டோல்கீன் அமெரிக்காவில் கால் வைத்ததே இல்லை, 'ஹாபிட்', மோதிரக் கதை இரண்டின் கையெழுத்துப் பிரதிகளும் அமெரிக்காவின் மில்வாக்கியில், மார்க்வெட் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. எழுதுகிறவர்கள் உட்கார்ந்த இடத்தில் இருந்தால் எழுத்து கிளம்பிவிடுகிறது. எனக்கு எல்லாம் நேர்மாறு. நான் விமானத்தில் வந்துவிட்டேன். கையெழுத்துப் பிரதி மம்சாபுரத்தில் பீரோவுக்குள் இருக்கிறது.

திரும்பி வரும்போது மணி நான்கரை. ராத்திரி! போமாண்ட் தெருவில் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம், பெரிய தூண்களோடு. இந்தக் கட்டடத்தின் கதை தெரிந்த எந்தத் தமிழனும் சும்மா தாண்டிப் போக முடியாது. கும்பகோணம் பக்கத்துச் சுந்தரப்பெருமாள்கோவிலில் இருந்த திருமங்கையாழ்வாரின் செப்புத் திருமேனி, 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, 1967-ல் லண்டன் ஏலத்தின் வழியாக இங்கே வந்து சேர்ந்தது. 1957-ல் அந்தக் கோயிலிலேயே எடுத்த ஒளிப்படம் ஒன்று புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் சேகரத்தில் இருந்தது. அதை ஓர் ஆய்வாளர் கண்டுபிடித்துச் சொல்ல, விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. 2024 மார்ச்சில், இந்தியாவின் கோரிக்கையை ஏற்று ஆழ்வாரைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று பல்கலைக்கழக மன்றம் முடிவெடுத்தது.

பாருங்கள் வேடிக்கையை. ஆழ்வார்களிலேயே அதிகம் ஊர் சுற்றியவர் திருமங்கை மன்னர். ஆடல்மா என்ற குதிரையில் ஏறிப் பதரி வரைக்கும் போனவர். போன ஊரையெல்லாம் பெயர் சொல்லிப் பாடியவர். முன்னாளில் வழிப்பறி செய்த கதையும் உண்டு. அவரையே ஒருத்தர் களவாண்டு, அவர் பாடாத திவ்யதேசத்துக்கு அனுப்பிவிட்டார்! வாளும் கேடயமுமாக அரை நூற்றாண்டுக்கு மேல் இந்தக் குளிரில் நின்றாரே, அவருக்கு யாராவது ஒரு சால்வை போர்த்தியிருப்பார்களா? மருமகளிடம் சொன்னேன். "அவரு குதிரைல போயே பழகினவரு மாமா, தாங்கிக்குவாரு. நீங்க குல்லாவ இறக்கி விடுங்க" என்றாள்.

ஆண்டாள் ஒரு வழி, திருமங்கை ஒரு வழி. ஒருத்தி ஊரையே உலகமாக்கினாள். ஒருவர் உலகத்தை ஊர் ஊராகப் பாடினார். என்னைப் போல மாயக்கதை எழுதுகிறவர்களுக்கு இரண்டாவது வழியில் மயக்கம் அதிகம். புதுசு புதுசாகப் பார்த்தால் புதுசு புதுசாக எழுதலாம் என்று நினைக்கிறோம். ஒரு நாள் முழுக்க வாயைப் பிளந்துகொண்டு இந்த ஊரைச் சுற்றியதில் எனக்குக் கிடைத்த புத்தி வேறு. இங்கே நான் வியந்ததெல்லாம் இந்த ஊர்க்காரர்களுக்குச் சாதாரணம். இரட்டைக் குழாய், கம்பளி போட்ட நாய், நன்றி வாங்கும் ஓட்டுநர். சுறாவே அவர்களுக்குச் சாதாரணமாகிவிட்டது. அப்படியானால் எனக்குச் சாதாரணமாகிவிட்டவை எத்தனை? அனுமன் மலையைத் தூக்கிக்கொண்டு போகும்போது விழுந்த துண்டு என்று சொல்லும் சஞ்சீவி மலை ராஜபாளையத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. அதைத் தாண்டித்தான் மளிகை வாங்கப் போவேன். ஒரு நாளும் வாய் பிளந்ததில்லை. வெளியூர்ப் பயணம் எழுத்தாளனுக்குப் புது ஊரைக் கொடுப்பதில்லை. வாயைப் பிளக்கும் பழக்கத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. அதோடு ஊருக்குப் போய்ச் சேர வேண்டியது அவன் பொறுப்பு.

இரவுச் சாப்பாடு முடித்து, கிறைஸ்ட் சர்ச் கல்லூரி வாசலுக்கு வந்தோம். ஆலிஸை எழுதிய லூயிஸ் கரோல் இங்கே கணக்கு வாத்தியார். 1862 ஜூலை 4 அன்று, கல்லூரித் தலைவரின் மூன்று பெண் குழந்தைகளைப் படகில் கூட்டிப் போனபோது வாய்க்கு வந்தபடி சொன்ன கதைதான் 1865-ல் புத்தகமானது. அவரும் வெகுதூரம் போகவில்லை. கல்லூரிக்குப் பின்னால் ஓடும் ஆறுதான்.

ஆனால் நாங்கள் வந்தது மணியோசை கேட்க. கோபுரத்தில் 'கிரேட் டாம்' என்ற பெருமணி தினமும் இரவு 9 மணி 5 நிமிடத்துக்கு 101 முறை அடிக்கும். கல்லூரி தொடங்கிய காலத்து மாணவர்கள் 100, பின்னால் சேர்ந்த ஒருவர், ஆக 101. அது சரி, அதென்ன ஐந்து நிமிடம்? ஆக்ஸ்போர்டு, லண்டன் கிரீன்விச்சுக்கு மேற்கே இருக்கிறது. இங்கே சூரியன் ஐந்து நிமிடம் தாமதம். ரயில் வந்து நாடு முழுக்க ஒரே கடிகாரம் என்று ஆனபோதும், இந்த மணி மட்டும் 'எங்கள் ஊர் ஒன்பது மணி இப்போதுதான்' என்று பிடிவாதமாக அடித்துக்கொண்டிருக்கிறது. பல் கிடுகிடுக்க நின்றுகொண்டு நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கடிகாரத்தைப் பார்த்துப் பதறி ஓடும் முயல் வேறெந்த ஊரில் பிறக்கும்?

மணி அடித்துக்கொண்டேயிருந்தது. நான் மனக்கணக்குப் போட்டேன். இந்தியக் கடிகாரம் ஓடுவது 82½ டிகிரி தீர்க்கரேகைக் கணக்கில். மம்சாபுரம் சுமார் 77.6. ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம். அப்படியென்றால் எங்கள் ஊர்ச் சூரியன் எங்கள் ஊர்க் கடிகாரத்துக்கு ஏறக்குறைய 20 நிமிடம் பின்னால் வருகிறது! இவர்கள் ஐந்து நிமிடத்தை வைத்துக்கொண்டு இத்தனை காலம் மணியடிக்கிறார்கள். எங்களிடம் இருபது நிமிடம் சும்மா கிடக்கிறது. கடிகாரம் ஆறு அடித்துவிட்டது, ஊருக்கு இன்னும் ஆறாகவில்லை. அந்த இடைவெளிக்குள் ராஜாவின் ஆணை செல்லாது, வட்டிக்காரன் கணக்கு செல்லாது, செத்தவர்கள் வந்து காபி குடித்துவிட்டுப் போகலாம். மலையடிவாரத்தில் மாந்தோப்புக்கு நடுவே ஒரு மணிக்கூண்டு, அதற்கு மணியடிக்க ஒரு கிழவி...

"மாமா, என்னா நின்னுட்டீங்க?"

"பாப்பா, நம்ம ஊருக்கு இருபது நிமிசம் பாக்கி இருக்கு."

"இங்க ரெண்டு நிமிசந்தான் பாக்கி. பஸ்ஸு வருது, ஓடியாங்க!"

ஓடினேன். ஏறி உட்கார்ந்ததும் முதல் வேலையாக அவளிடம் பேனா கேட்டேன்.